பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த மூன்று வண்டிகள்

ஆச்சிக்கு 81 வயது, முதுகெலும்பில் தேய்மானம். அம்மாவுக்கு பஸ்ஸோ காரோ, முக்கால் மணி நேரம் தாண்டினால் குமட்டல். போன தை மாதம் எங்கள் பழைய சின்ன காரில் பாபநாசம் போய்விட்டுத் திரும்பும்போது, வீரவநல்லூர் தாண்டி பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடையில் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். பின்சீட்டிலிருந்து ஆச்சி "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான், திருநெல்வேலி பெருமாள்புரம் வீட்டு வாசல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் நாலு நாள் படுக்கை. பதினோரு வருஷம் ஓடிய வண்டியை மாற்றியே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அதோடு இன்னொன்றையும் முடிவு செய்தேன்: அடுத்த வண்டியை நான் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்து வாங்கக் கூடாது, பின்சீட்டில் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

பட்டியல் சீக்கிரமே மூன்றாகச் சுருங்கியது. ஹோண்டா எலிவேட், ஹூண்டாய் கிரெட்டா, மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ளது). கிராண்ட் விட்டாராவின் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரும் அடியில் அதே வண்டிதான், அதைத் தனியாகச் சொல்லவில்லை. மூன்றுமே நாலு மீட்டருக்கு மேல் நீளம், அதனால் 2025 செப்டம்பர் 22-லிருந்து மூன்றுக்கும் ஒரே 40 சதவீத ஜி.எஸ்.டி. ஆறு ஏர்பேக் மூன்றிலும் உண்டு. வசதியாக, மூன்றுமே எங்கள் சொந்தபந்தத்துக்குள்ளேயே இருக்கின்றன. சகலை எலிவேட் சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வைத்திருக்கிறார், அத்தானிடம் கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக், எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் ஹைபிரிட். ஷோரூம்காரர்கள் கொடுக்கிற பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவ், புதுசாகத் தார் போட்ட ரோட்டில் போய்த் திரும்புவது, அதில் இடுப்பு வலிக்கு ஒரு விவரமும் கிடைக்காது. சொந்தக்காரர் வண்டி என்றால் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு நாம் போகிற ரோட்டிலேயே போகலாம்.

ஐந்து பேரை ஏற்றுவது ரொம்ப முக்கியம். ஸ்பிரிங் என்பது முழுப்பாரத்தைத் தாங்கும்படி அமைத்தது. ஒற்றை ஆளாக ஓட்டினால் துள்ளுகிற வண்டி, ஐந்து பேர் ஏறியதும் அடங்கிப் போகும். ஒற்றை ஆளுக்குப் பஞ்சு மாதிரி இருக்கிற இன்னொன்று, பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, பள்ளத்தில் இடிக்கும். தனியாக ஓட்டிப் பார்த்து "ரைடு நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டு பாதை வைத்துக்கொண்டோம். ஒன்று முன்னீர்பள்ளம், தருவை, பத்தமடை, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம், பாபநாசம். இன்னொன்று நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை நான்குவழிச்சாலை. வண்டியை அதன் சொந்தக்காரரோ என் மனைவியோ ஓட்டினார்கள், நான் பின்சீட்டில்.

முதல் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்ப்பக்கத்து ரோட்டின் குணம் அதில் முழுசாக இருக்கிறது. பெரிய குழி அதிகம் இல்லை. ஆனால் கன்னடியன் கால்வாய் பாய்கிற பக்கமெல்லாம் வயலுக்குத் தண்ணீர் போகிற சின்னச் சின்னப் பாலங்கள், ஒவ்வொன்றிலும் ரோடு ஒரு சாண் எழும்பி மறுபக்கம் இறங்கும். ஊருக்கு ஊர் வேகத்தடை, சிலது அகலமாக, சிலது சுவர் மாதிரி ஒடுக்கமாக. அப்புறம் குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தோண்டி மூடிய குறுக்கு வெட்டுகள், ஓரத்தில் பெயர்ந்த தார். ஆக மூன்று விதமான அடி: மெதுவாக வரும் பெரிய ஏற்ற இறக்கம், சுருக்கென்று வரும் கூர்மையான அடி, ஓயாத சின்ன நடுக்கம். ஒரு வண்டி மூன்றையும் ஒரே மாதிரி சமாளிப்பதில்லை.

எலிவேட்டின் பலம் சுருக்கென்று வரும் அடியில்தான். ஒடுக்கமான வேகத்தடையிலும் குழாய் வெட்டிலும் "டொம்" என்ற சத்தம் காதுக்கு வருகிறது, ஆனால் அது உட்கார்ந்திருக்கிற எலும்புக்கு வருவதில்லை. சஸ்பென்ஷன் நீளமாக இறங்கி ஏறுகிறது, தரைக்கும் வண்டிக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் ஐந்து பேர் இருந்தும் எங்கேயும் அடி தட்டவில்லை. பத்தமடை தாண்டும்போது ஆச்சி, "யய்யா, இதுல குலுக்கலே தெரியலியே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு அலைந்தேன்.

கிரெட்டா அதற்குப் பக்கத்திலேயே வருகிறது. இடைவெளி 190 மில்லிமீட்டர், அது எங்கள் பாதைக்குப் போதுமானதாகவே இருந்தது. மெதுவாகப் போகும்போது கூர்மையான அடி எலிவேட்டைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் ஓயாத சின்ன நடுக்கத்தை அது உள்ளே விடாமல் வைத்திருப்பது அருமை. அந்த நடுக்கம்தான் நீண்ட பயணத்தில் உடம்பை அசத்துவது. திரும்பி வந்து இறங்கும்போது எனக்கு அசதி குறைவாக இருந்தது கிரெட்டாவில்தான்.

ஹைபிரிட் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் இறுக்கமான ஆள். 30, 40 வேகத்தில் ரோடு எப்படி இருக்கிறது என்று முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது, 60 தாண்டினால் அதே இறுக்கம் நிதானமாக மாறிவிடுகிறது. வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கினால் ஒரே அசைவில் நின்றுவிடும், இரண்டாவது முறை ஆடாது.

இந்த இரண்டாவது ஆட்டத்தை லேசாக விட்டுவிடக்கூடாது. மெத்தென்று இருப்பதும் சுகமாக இருப்பதும் ஒன்று என்று நானும் நினைத்திருந்தேன். அம்மாவை வைத்துத்தான் அது வேறு என்று புரிந்தது. குமட்டலை உண்டாக்குவது கூர்மையான குலுக்கல் இல்லை, ஊஞ்சல் மாதிரி மெதுவாக வரும் அசைவு, இரண்டு நொடிக்கு ஒருமுறை அல்லது அதைவிட மெதுவாக உடம்பைத் தூக்கி இறக்குவது, வளைவில் சாய்ப்பது. கப்பலில் வாந்தி வருவதற்கும் இதுவே காரணம். அதனால் ஆச்சியின் இடுப்புக்கு மெத்தென்ற சஸ்பென்ஷன் வேண்டும், அம்மாவின் வயிற்றுக்கு அடங்கி நிற்கிற சஸ்பென்ஷன் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் தேவைப்படும்போது எதையாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். விக்கிரமசிங்கபுரம் தாண்டி பாபநாசம் போகிற வரைக்கும் அம்மா ஹைபிரிட்டில் வாயைத் திறந்து பேசிக்கொண்டே வந்தாள், எலிவேட்டில் கல்லிடைக்குறிச்சியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வாந்தி ஒன்றும் இல்லை, ஆனால் அந்த மௌனம் எங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் அதே எலிவேட்டில் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, சகலையை 60-க்கு மேல் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனோம். நல்லபடியாகவே வந்தாள். முன்னால் ரோடு தெரிந்தால் உடம்பு அடுத்த அசைவுக்குத் தயாராகிவிடுகிறது, பாதித் தொந்தரவு அதிலேயே போய்விடுகிறது. வண்டி குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும்போது யார் எங்கே உட்காருவார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

ஊருக்குள் ஹைபிரிட்டுக்கு ஈடே இல்லை. வண்ணார்பேட்டை சிக்னலில் நின்று கிளம்பி, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, டவுன் ரத வீதியில் ஊர்ந்து வாகையடி முக்கு வரும் வரை பெரும்பாலும் மோட்டாரில்தான் ஓடியது. இன்ஜின் எப்போது அணைந்தது, எப்போது எழுந்தது என்று கவனித்தால்தான் தெரியும். ஏ.சி. காற்றின் சத்தமும் வெளியே ஆட்டோ ஹாரனும் மட்டும். நெல்லையப்பர் கோயில் வாசலில் இறங்கும்போது ஆச்சி கேட்டாள், "வண்டிய அணச்சிட்டியாடே?" என்று. ஆனால் திறந்த ரோட்டில் லாரியை முந்துவதற்கு அழுத்தினால் கதை மாறும். அந்த 1.5 லிட்டர் இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர், அது வேகமாகச் சுற்றும்போது வரும் ஒலி நாலு சிலிண்டர் மாதிரி வழவழப்பாக இருக்காது. ஊருக்குள் அவ்வளவு அமைதியாக இருந்ததாலேயே அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது.

எலிவேட்டின் 121 பி.எஸ். (குதிரைசக்தி) பெட்ரோல் இன்ஜின் நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. 80-இல் நிதானமாகப் போனால் இருக்கிற இடமே தெரியாது. சி.வி.டி. என்பதால் திடீரென்று அழுத்தினால் இன்ஜின் முதலில் உயரத்துக்குப் போய் ஒரே ஸ்தாயியில் நின்று பாடும், வேகம் பின்னாலேயே வந்து சேரும். சி.வி.டி. வைத்த வண்டிகளுக்கு உள்ள பொதுக் குணம் அது. பொறுமையாக மிதித்தால் அந்தச் சத்தமே கேட்காது, எங்கள் வீட்டில் பொறுமையாக மிதிப்பவர்கள்தான் அதிகம், மனைவி என்னைவிடப் பொறுமை.

அத்தானின் டீசல் கிரெட்டா வெளியே நின்று கேட்டால் டீசல்தான், கண்ணாடி ஏற்றிவிட்டால் இல்லை. 250 நியூட்டன் மீட்டர் இழுப்பும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேர்ந்து, நாங்குநேரி டோல்கேட்டை விட்டுக் கிளம்பும்போது அவசரமே இல்லாமல் வேகம் ஏறியது. நான்குவழிச்சாலையில் மூன்றிலும் அமைதியானது இதுதான் என்று எனக்குப் பட்டது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: ஆச்சி பின்சீட்டிலிருந்து குரலை உயர்த்தாமல் சொல்வது ஓட்டுகிறவருக்குக் கேட்கிறதா? 90-இல் கிரெட்டாவில் கேட்டது. எலிவேட்டில் பாதி கேட்டது, மீதிக்கு "என்ன ஆச்சி?" என்று திருப்பிக் கேட்கவேண்டியிருந்தது. ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் பணகுடி தாண்டியதும் இந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு யாரும் தப்ப முடியாது, காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. நாங்கள் போனது ஆடி மாதம். காவல்கிணறு நெருங்கும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு, லாரியின் மறைவில் போகும்போது அது நின்று, லாரியைத் தாண்டியதும் மறுபடி ஒரு தள்ளு. இந்த மாதிரி உயரமான வண்டிகளில் பக்கவாட்டுப் பரப்பு அதிகம், மூன்றுமே அசைந்தன, மூன்றிலுமே கண்ணாடி ஓரத்தில் காற்று ஊதியது. அங்கே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. 100-லிருந்து 80-க்கு வந்தால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், சத்தம் அதைவிட வேகமாகக் குறையும். 80-இல் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன.

இனி யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம், எனக்கு இந்த அலைச்சலில் கிடைத்ததிலேயே பெரியது. ஒரே வண்டியில் எந்த வேரியண்ட் எடுக்கிறோம் என்பது, எந்த வண்டி எடுக்கிறோம் என்பதற்கு நிகராகச் சுகத்தைத் தீர்மானிக்கிறது. காரணம் டயர். டயரின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 215/55 ஆர்17 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 118 மில்லிமீட்டர், 17 என்பது சக்கரத்தின் அங்குல அளவு. மேல் வேரியண்ட் எலிவேட்டுக்கு இதுதான். கீழ் வேரியண்டுகளில் வரும் 215/60 ஆர்16-க்கு அதே கணக்கில் 129. காற்று நிரம்பிய ரப்பர் 11 மில்லிமீட்டர் கூடுதல். கிரெட்டாவில் 17 அங்குலத்துக்கு 129, 16 அங்குலத்துக்கு 133. சஸ்பென்ஷன் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால் முதல் அடியை வாங்குவது இந்தச் சுவர்தான், தார் ரோட்டின் சொரசொரப்பை உள்ளே கொண்டுவருவதும் தடுப்பதும் இதுவே. சகலையின் எலிவேட் 17 அங்குலம், அதிலேயே ஆச்சிக்குக் குலுக்கல் தெரியவில்லை என்றால் 16-இல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஷோரூமில் இருந்தது மேல் வேரியண்ட் மட்டும். விசாரித்து, சகலையுடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் 16 அங்குல வண்டி இருப்பது தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு முன்னீர்பள்ளம் வரை போய்வந்தோம். குழாய் வெட்டில் அந்த "டொம்" பாதியாகிவிட்டது. அலாய் வீல் கிடையாது, பார்க்க ஒருபடி மட்டு. இருக்கட்டும்.

டயரோடு இன்னொன்று. டெஸ்ட் டிரைவுக்கு ஒரு ஷோரூமில் எடுத்த வண்டி கட்டைவண்டி மாதிரி இடித்தது, எதனால் என்று விளங்கவில்லை. வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்று பார்த்தால், டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அளவைவிட 7 பாயிண்ட் கூடுதல். குறைத்துவிட்டு அதே ரோட்டில் திரும்பி வந்தோம், வேறு வண்டி மாதிரி இருந்தது. யார் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் காற்றைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள்.

சீட்டில் கிரெட்டாவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். பின்சீட்டின் சாய்மானத்தை இரண்டு நிலையில் வைக்கலாம், பின் ஜன்னலுக்குத் திரை இருக்கிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் தூத்துக்குடி ரோட்டில் போனவர்களுக்கு அந்தத் திரையின் அருமை தெரியும். எலிவேட்டில் முழங்காலுக்கு இடம் தாராளம், இரண்டு அச்சுக்கும் நடுவே 2,650 மில்லிமீட்டர், கிரெட்டாவில் 2,610, கிராண்ட் விட்டாராவில் 2,600. டிக்கியில் எலிவேட் 458 லிட்டர், கிரெட்டா 433. ஹைபிரிட்டில் பேட்டரி டிக்கிக்கு அடியில் இருப்பதால் இடம் நன்றாகக் குறைகிறது, ஐந்து பேரின் பையோடு குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானையும் ஏற்றவேண்டும் என்றால் யாராவது மடியில் எதையாவது வைத்துக்கொள்ளவேண்டிவரும். பெரிய கண்ணாடிக்கூரை எந்த வண்டியில் இருந்தாலும் பின்சீட்டில் தலைக்கு மேல் இடம் குறையும், உயரமானவர்கள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் செலவையும் போட்டுப் பார்த்தேன். மாதம் 800 கிலோமீட்டர். எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு ஊருக்குள் 20 கொடுக்கிறது, அப்படியென்றால் 40 லிட்டர். சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 13 கொடுத்தால் 61 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மாதம் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம் வித்தியாசம். தினமும் ஊருக்குள் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய தொகையாகச் சேரும், ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு வருஷ வாரண்டியும் இருக்கிறது. எங்கள் ஓட்டத்துக்கு விலையில் கூடுதலாகக் கொடுக்கிறதை எடுக்க ரொம்ப வருஷம் ஆகும்.

வோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் ஏன் பார்க்கவில்லை என்று மைத்துனன் கேட்டான். ஓட்டுகிறவனுக்கு அவை தங்கம், 100-இல் ரோட்டை விடாமல் பிடித்துப் போகும். ஆனால் அந்தப் பிடிப்புக்காக இறுக்கி வைத்த சஸ்பென்ஷன், ஆச்சியை நினைத்து அந்தப் பக்கம் போகவில்லை.

ஆக, நான்குவழிச்சாலையில் மதுரை, நாகர்கோவில் என்று வாரம் தவறாமல் போகிறவர்கள் கிரெட்டாவை எடுக்கலாம், முடிந்தால் டீசல் ஆட்டோமேட்டிக். பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் டவுனுக்குமே ஓட்டம் என்றால், அல்லது பின்சீட்டில் குமட்டல்காரர்கள் இருந்தால், ஹைபிரிட். எங்களுக்குப் பாதி ஓட்டம் சேரன்மகாதேவி ரோட்டில், அம்மா முன்சீட்டுக்கு ஒத்துக்கொண்டாள், ஆச்சியின் இடுப்புக்கு முன்னால் மற்றதெல்லாம் அப்புறம்தான். 16 அங்குல எலிவேட் சி.வி.டி.க்குப் போன வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டினோம்.

ஒரு குறை இருக்கிறது. மூன்றிலும் உயரமான வண்டி இது, ஆச்சி சேலையை ஒதுக்கிக் காலைத் தூக்கி வைக்கும்போது முழங்கால் மக்கர் பண்ணுகிறது. சகலை வண்டியில் நானும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினோம். அடுக்களையில் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த பலா மர மணையை அம்மா தேடி எடுத்துக் கொடுத்தாள், அரை அடி உயரம். அதன் அடியில் வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, வாசல் படியில் வைத்து ஆச்சியை ஏறச் சொல்லிப் பார்த்தோம். யாரும் பிடிக்காமல் ஏறி நின்றாள்.